எங்கள் கண்மாயின் பழைய சாட்டிலைட் படங்களை இலவசமாகப் பார்க்க வழி இருக்கிறதா?

கண்மாய்க்கரை:

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் சின்ன கிராமம் எங்களுடையது. ஊர்க் கண்மாயின் மேற்கு உள்வாய், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய உள்பகுதி, முழுக்க இப்போது சீமைக்கருவேலம்தான். அந்தப் பக்கம் தண்ணீர் நின்றதே இல்லை, அது மேடு என்று சிலர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அய்யனார் கோயில் திட்டு வரைக்கும் தண்ணீர் தளும்பி நின்றதைப் பார்த்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் கிராம சபையில் அவர்கள் பேச்சு எடுபடுவதில்லை, ஆதாரம் எங்கே என்று கேட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள்.

போனில் கூகுள் மேப்பில் பார்த்தால் கண்மாய் பச்சையாகத் தெரிகிறது. அது தண்ணீரா, பாசியா, மரமா என்றே புரியவில்லை. எந்த வருஷத்துப் படம் என்றும் போடவில்லை. டவுனில் ஒருவர் 20 வருஷத்துப் பழைய சாட்டிலைட் படம் எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறார். கொடுப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

இலவசமாக எத்தனை வருஷம் பின்னால் போய்ப் பார்க்க முடியும்? நேரடியாக, இன்றைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியுமா? நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, ஆனால் ஊரில் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சொன்னால் செய்வார்கள்.

---

வானத்துவாசி:

அண்ணே, முதலில் அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் தரப்போகும் படம் பெரும்பாலும் நீங்களே வீட்டில் உட்கார்ந்து எடுக்கக்கூடிய படம்தான்.

லேப்டாப்பில் கூகுள் எர்த் ப்ரோ இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வருஷத்துக்கு 399 டாலர் கட்டி வாங்க வேண்டிய மென்பொருள், 2015 ஜனவரியிலிருந்து முழுக்க இலவசம். மேலே கடிகாரம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் ஒரு காலக்கோடு வரும், அதில் இழுத்து இழுத்துப் பின்னால் போகலாம். படம் எடுத்த தேதி கீழே ஓரத்தில் தெரியும். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளாமல் எந்தப் படத்தையும் எடுக்காதீர்கள், தேதி இல்லாத படத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது. கண்மாயைச் சுற்றிக் கோடு போட்டு ஏக்கர் கணக்கில் பரப்பு பார்க்கும் வசதியும் அதிலேயே உண்டு. போன் ஆப்பிலும் இப்போது பழைய படங்கள் வருகின்றன, ஆனால் இந்த மாதிரி வேலைக்கு லேப்டாப்தான் சரி.

ஒன்று கவனியுங்கள். காலக்கோட்டில் 1980கள் வரைக்கும் போகலாம் என்று காட்டும். ஆனால் அந்தப் பழைய படங்கள் மங்கலாக, ஆண்டின் கடைசி நாளை ஒட்டிய தேதியோடு இருக்கும். அது அந்த ஒரு நாளில் எடுத்தது இல்லை, லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் சாட்டிலைட் அந்த வருஷம் எடுத்த படங்கள் பலவற்றைச் சேர்த்து மேகம் இல்லாமல் ஒட்டியது. அதைக் காட்டி "டிசம்பரில் கண்மாய் இப்படி இருந்தது" என்று சொல்லக் கூடாது. வீடும் வரப்பும் தனித்தனியாகத் தெரிகிற படங்கள் நம் பக்கத்துக் கிராமங்களுக்கு 2000களின் நடுவிலிருந்துதான் கிடைக்க ஆரம்பிக்கும்.

அதற்கும் பின்னால் போகத்தான் லேண்ட்சாட். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் போனது. 1984இல் போன லேண்ட்சாட் 5 கிட்டத்தட்ட 29 வருஷம் வேலை செய்தது. அந்தக் கிடங்கு முழுவதையும் 2008இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். யூஎஸ்ஜிஎஸ் எர்த் எக்ஸ்ப்ளோரர் என்று தேடுங்கள், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தளம் அது, ஊரின் மேல் ஒரு பெட்டி வரைந்து, லேண்ட்சாட் 4-5 தேர்ந்தெடுத்து, 1988 முதல் 1995 வரை என்று தேதி கொடுத்தால் பட்டியல் வரும். எல்லா வருஷத்துக்கும் கிடைக்காது, கிடைத்ததில் மேகம் இல்லாததைப் பொறுக்க வேண்டும். முன்னோட்டப் படத்தைப் பார்க்க எதுவும் தேவையில்லை, இறக்க மட்டும் ஒரு இலவசக் கணக்கு வேண்டும். லேண்ட்சாட் 7 எடுத்தால் 2003 மே மாதத்துக்குப் பிந்திய படங்களில் கறுப்புக் கோடுகள் ஓடும், கருவி பழுதானதால் வந்தது அது, பயப்பட வேண்டாம், வேறு படத்தைப் பாருங்கள்.

சமீபத்திய நிலைமைக்கு ஐரோப்பாவின் சென்டினல் 2. இது 2015இல் தொடங்கியது, ஐந்து நாளுக்கு ஒரு முறை உங்கள் கண்மாய்க்கு மேலே வருகிறது. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தைத் திறந்து, ஊரைத் தேடி, நாட்காட்டியில் நாளைத் தொட்டால் படம் வந்துவிடும். வெறுமனே பார்க்கக் கணக்குகூடத் திறக்க வேண்டாம்.

இதில் எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதை நம் கணக்கில் சொல்கிறேன். சென்டினலில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி 30க்கு 30, ஏறக்குறைய 22 சென்ட். ஆக கண்மாய் எது வரை நிரம்பியது என்று நன்றாகப் பார்க்கலாம், ஆனால் கரையோரம் ஒருவர் போட்ட கொட்டகை தெரியாது. அதற்குக் கூகுள் எர்த்துக்குத்தான் வர வேண்டும்.

---

மதகடி:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் படத்தை எடுப்பதைவிடப் படிப்பதுதான் பெரிய வேலை, அதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

நம் கண்மாய்கள் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வானம் மூடிக் கிடக்கும், படம் வெள்ளையாகத்தான் வரும். தை மாதம் வானம் தெளிந்துவிடும், தண்ணீரும் இன்னும் வற்றியிருக்காது. அதனால் எந்த வருஷத்தை எடுத்தாலும் ஜனவரிப் படம் ஒன்று எடுங்கள், ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிடுங்கள். ஒரு வருஷத்து ஜனவரியையும் இன்னொரு வருஷத்து மே மாதத்தையும் பக்கத்தில் வைத்து "பாருங்கள் கண்மாய் செத்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்கள் நிறைய. அது நம் பக்க நியாயத்தையே கெடுக்கும்.

அடுத்து மே மாதத்துப் படமும் ஒன்று வேண்டும், அது கருவேலத்துக்காக. சுற்றி இருக்கிற வயலும் புல்லும் காய்ந்து கிடக்கும்போது சீமைக்கருவேலம் மட்டும் பச்சை விடாமல் நிற்கும். கோப்பர்நிக்கஸில் இடது பக்கம் நிறத் தேர்வுகள் இருக்கும், அதில் ஃபால்ஸ் கலர் என்பதைத் தொடுங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டும் முறை அது. உயிருள்ள இலை அந்த ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும், அதனால் செடி கொடி எல்லாம் சிவப்பு. தண்ணீர் அதை விழுங்கிவிடும், அதனால் கருநீலம் அல்லது கறுப்பு. கூகுளில் பச்சையாகத் தெரிகிறது, தண்ணீரா மரமா என்று கேட்டீர்களே, இங்கே ஒரு நொடியில் தெரிந்துவிடும். மே மாதம் உள்வாயில் அடர் சிவப்பாக ஒரு திட்டு இருந்தால் பெரும்பாலும் கருவேலம்தான். ஜனவரியில் தண்ணீர் இருக்க வேண்டிய நடுப்பகுதியே சிவப்பாக இருந்தால் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கலாம், அது கீழே தண்ணீரை வைத்துக்கொண்டே மேலே தரை மாதிரி காட்டும். அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வரத்துக் கால்வாயை மறக்காதீர்கள். கூகுள் எர்த்தில் கண்மாயிலிருந்து மேலே கால்வாயைப் பிடித்துக்கொண்டே போங்கள். எங்கே ரோடு குறுக்கே போட்டிருக்கிறார்கள், எங்கே பிளாட் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று வரிசையாகத் தெரியும். பல ஊர்களில் கண்மாய் நன்றாகவே இருக்கிறது, தண்ணீர் வரும் வழிதான் போய்விட்டது.

கொஞ்சம் வெளியே வந்து சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்த்திருக்கிறீர்களா? பிறை பிறையாகக் கரைகள், ஒன்றின் கலங்கலில் வழிகிற உபரித் தண்ணீர் அடுத்ததற்குப் போகிற மாதிரி சரிவு பார்த்து வரிசையாக, ஆர்.எஸ். மங்கலம், ராமநாதபுரம் பெரிய கண்மாய் எல்லாம் அதில் தனியாகத் தெரியும். இவ்வளவையும் மண்ணை வெட்டிக் கையால் கட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை ஒரு முறை காட்டுங்கள்.

---

லைவ்மேப்:

நேரடியா பார்க்க முடியுமான்னு கேட்டிருந்தீங்க. வீடு தெரியுற அளவுக்கு லைவ் சாட்டிலைட் எதுவும் பொதுமக்களுக்குக் கிடையாது ப்ரோ, அப்படிச் சொல்ற ஆப் எல்லாம் விளம்பரம் காட்டத்தான். அதே நாளைக்குள் பார்க்கணும்னா நாசா வேர்ல்ட்வியூ, படம் எடுத்த சில மணி நேரத்தில் ஏறிடும், 2000ஆம் வருஷம் வரை பின்னாலயும் போகலாம். ஆனா அப்படி அதே நாளில் வர்ற நல்ல படத்திலேயே ஒரு புள்ளி 250 மீட்டர், 15 ஏக்கருக்கு மேல. மேட்டூர் அணை, வைகை அணை பார்க்கலாம், ஊர்க் கண்மாய் தெரியாது. புயல், மேகம் பார்க்க ஜூம் எர்த் நல்லா இருக்கும்.

---

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்து வீட்டுப் பையன் லேப்டாப்பில் கோப்பர்நிக்கஸ் திறந்தோம், அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. 2021 ஜனவரிப் படத்தில் தண்ணீர் மேற்கே நன்றாக ஏறியிருக்கிறது, ஃபால்ஸ் கலரில் கறுப்பாக அய்யனார் திட்டை ஒட்டி வந்து நிற்கிறது, திட்டு மட்டும் நடுவில் சிவப்புப் பொட்டாகத் தெரிகிறது. படத்தை இன்னும் பெரிசாக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனால் 2017 ஜனவரிப் படத்தில் கண்மாய் சுத்தமாக வறண்டு கிடக்கிறது. இதை எதிர்த் தரப்பு எடுத்துக் காட்டினால் என்ன சொல்வது? இன்னொன்று, நவம்பரில் நிஜமாகவே தண்ணீர் ஏறுகிற நேரத்தில் ஒரு படம்கூடச் சரியாக இல்லை, எல்லாம் மேகம். அதற்கு வேறு வழி உண்டா?

---

வானத்துவாசி:

2017 ஜனவரியை யாராவது காட்டினால் தைரியமாகப் பதில் சொல்லுங்கள். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கு மேல் காணாத அளவுக்குப் பொய்த்தது, இயல்பைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைவு. அந்த வருஷம் எந்தக் கண்மாயில் தண்ணீர் இருந்தது? 2021 ஜனவரி அதற்கு நேர் எதிர், பொங்கலை ஒட்டி அறுவடை நேரத்தில் தென் மாவட்டங்களில் மழை கொட்டியது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அந்த வருஷத்து மழைக் கணக்கை எழுதி வையுங்கள். காய்ந்த வருஷத்துப் படத்தை மறைக்க வேண்டாம், நீங்களே முதலில் காட்டிவிடுங்கள். மழை பெய்த வருஷங்களில் தண்ணீர் அங்கே நிற்கிறது என்பதுதான் கேள்விக்குப் பதில், ஒரு இடம் மேடா உள்வாயா என்று அதில்தான் தெரியும்.

மேகத்துக்கு வழி உண்டு. அதே கோப்பர்நிக்கஸில் சென்டினல் 1 என்று ஒன்று இருக்கிறது. இது கேமரா இல்லை, ரேடார். தானே அலை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்யும், மேகம், இரவு எதுவும் தடை இல்லை. அசையாமல் நிற்கிற தண்ணீர் அந்த அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் திருப்பிவிடும், அதனால் படத்தில் கறுப்பாக விழும். 2014 கடைசியிலிருந்து படங்கள் இருக்கின்றன. நவம்பர் முழுக்க வரிசையாகப் பார்த்தால் கறுப்புத் திட்டு படத்துக்குப் படம் பெரிசாவது தெரியும். இதிலும் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். நடவுக்குத் தண்ணீர் கட்டின வயலும் கறுப்பாகத் தெரியும். கருவேலத்துக்கு அடியில் நிற்கிற தண்ணீர் கறுப்பாக வராது, சில நேரம் வெளுப்பாகவே வரும், ஏனென்றால் அலை தண்ணீரிலும் மரத்திலும் மோதித் திரும்பி வந்துவிடுகிறது. உங்கள் மேற்கு உள்வாய்க்கு அதனால் ரேடாரை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொரு தளம் இருக்கிறது, உங்களுக்கு ரொம்ப உதவும். குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 1984 முதலான லேண்ட்சாட் படங்களை எல்லாம் புள்ளி புள்ளியாக அலசி, எந்த இடத்தில் எத்தனை சதவீத நேரம் தண்ணீர் தெரிந்தது என்று உலகம் முழுக்க வரைபடம் போட்டிருக்கிறது. இப்போது மரம் மூடியிருக்கும் இடத்தில் 1990களில் தண்ணீர் தெரிந்திருந்தால் அதில் சாயம் ஏறியிருக்கும். நீங்கள் வரைந்த கோடு இல்லை, வெளியாள் போட்ட கணக்கு. சபையில் இதற்கு ஒரு மதிப்பு உண்டு.

---

பழையபிலிம்:

1972க்கும் முன்னால் போக ஆசை இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்க உளவு சாட்டிலைட் கொரோனா, 1960 முதல் 1972 வரை பறந்தது. அப்போது படத்தைக் கீழே அனுப்ப வழி இல்லாததால் பிலிம் சுருளையே ஒரு கூட்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்கி, பசிபிக் கடலுக்கு மேலே விமானம் கொக்கி போட்டு நடு வானில் பிடிக்கும். 1995இல் அந்த ரகசியத்தை நீக்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டார்கள். கடைசிக் காலத்துக் கேமராவில் இரண்டு மீட்டர் வரைக்கும் தெரியும், லேண்ட்சாட்டை எல்லாம் தூக்கிச் சாப்பிடும்.

எர்த் எக்ஸ்ப்ளோரரிலேயே டீக்ளாசிஃபைட் டேட்டா என்ற பிரிவில் இருக்கிறது. ஊரின் மேல் பெட்டி வரைந்து தேடுங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருந்தால் இலவசம். இல்லாவிட்டால் ஒரு பிரேமுக்கு 30 டாலர் கட்டினால் ஸ்கேன் செய்வார்கள், அப்புறம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளை, நீளமான பட்டையாக இருக்கும், ஊர் எங்கே என்று எழுதியிருக்காது. கண்மாய்க் கரையின் வளைவையும் ஆற்றையும் ரயில் பாதையையும் பிடித்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேடுங்கள், அவர்களுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும்.

---

வரப்புக்கல்:

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே எழுதியிருப்பதை எல்லாம் வாசித்தேன், சந்தோஷம். ஒரு எச்சரிக்கை மட்டும்.

தண்ணீர் எதுவரை நின்றது என்பதைப் படம் காட்டும். எல்லை எது என்பதைப் படம் காட்டாது. கண்மாய்ப் புறம்போக்கின் எல்லை புலப்படத்திலும், அதாவது நிலத்தை அளந்து வரைந்த வரைபடத்திலும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் ஏ பதிவேட்டிலும்தான் இருக்கிறது. தமிழக அரசின் பட்டா சிட்டா பார்க்கும் இணையதளத்திலேயே மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ஏ பதிவேடு பார்க்கலாம், புலப்படமும் எடுக்கலாம். முதலில் கண்மாய் எத்தனை புல எண்களில் வருகிறது, அந்த எண்கள் என்ன வகைப்பாட்டில் இருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். மேற்கு உள்வாய் கண்மாய்ப் புறம்போக்காகவே பதிவாகியிருந்தால் உங்கள் வாதத்தில் முக்கால்வாசி அங்கேயே முடிந்தது.

கூகுள் எர்த்தில் கோடு போட்டு "இத்தனை அடி உள்ளே வந்திருக்கிறார்கள்" என்று மனு எழுதாதீர்கள். ஒரு வருஷத்துப் படத்துக்கும் இன்னொரு வருஷத்துப் படத்துக்கும் சில மீட்டர் இடம் பிசகும். கரை ஓரத்து மரம் ஒன்றைக் குறி வைத்து வருஷத்தை மாற்றிப் பாருங்கள், மரம் நகர்வது போலத் தெரியும். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். அடிக்கணக்கு சர்வேயர் வந்து அளந்து சொல்ல வேண்டியது.

அப்புறம், உங்கள் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை, அதாவது இப்போதைய நீர்வளத் துறை. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் வந்த சட்டம் பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்கு உரியது. மனுவை இடம் தெரிந்து கொடுத்தால்தான் நகரும்.

---

கண்மாய்க்கரை:

ஐயா, ஏ பதிவேடு இன்றைக்கே பார்த்தோம். மேற்கே சர்ச்சையில் இருக்கும் புல எண் கண்மாய்ப் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது. குளோபல் சர்ஃபேஸ் வாட்டரிலும் அந்தப் பகுதியில் சாயம் ஏறியிருக்கிறது, நடுப்பகுதி அளவுக்கு இல்லை, வெளிர் நிறத்தில். அடுத்த கிராம சபைக்கு இவற்றை அச்செடுத்துக் கொண்டுபோகிறோம். எப்படி அச்செடுத்தால் கேள்வி வராது?

---

மதகடி:

எல்லாப் படத்தையும் ஒரே அளவில், ஒரே சட்டத்துக்குள் எடுங்கள். ஒன்றைப் பெரிசாக்கி ஒன்றைச் சின்னதாக்கினால் சந்தேகம் வரும். ஒவ்வொன்றின் கீழும் சாட்டிலைட்டின் பெயர், தேதி, எந்தத் தளத்தில் எடுத்தது, ஊரின் அட்சரேகை தீர்க்கரேகை எழுதுங்கள், யார் வேண்டுமானாலும் வீட்டுக்குப் போய் அதே படத்தைத் திறந்து சரிபார்க்கிற மாதிரி. ஃபால்ஸ் கலர் படம் வைத்தால் பக்கத்திலேயே சாதாரண நிறப் படமும் இருக்கட்டும், இல்லாவிட்டால் சிவப்பைப் பார்த்துத் தீ என்பார்கள். கோயில், மதகு, கலங்கல், ரோடு நான்கையும் தமிழில் எழுதிக் குறியுங்கள், ஊர்க்காரர்கள் முதலில் தேடுவது தங்கள் வீட்டையும் கோயிலையும்தான், அது கிடைத்தால் மற்றதை அவர்களே படித்துவிடுவார்கள். 1990 வாக்கில் ஒரு லேண்ட்சாட், 2017, 2021 ஜனவரிகள், ஒரு மே மாதம், இவ்வளவு போதும். மனு கொடுக்கும்போது ஏ பதிவேட்டு நகலை மேலே வையுங்கள், படங்கள் அதற்குப் பின்னால் வரட்டும்.